கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தது

என் கணவர் இறந்த வருஷமே நான் ஒரு கச்சேரிக்குப் போனேன். போனது மட்டும் என்றால் யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். போவதற்காகப் பொய் சொன்னேன். போன இடத்தில் சிரித்தேன். அதுவும் சாதாரணச் சிரிப்பு இல்லை, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு.

அவர் லோரி ஓட்டினார். தோட்டங்களில் வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போய் எண்ணெய் ஆலையில் கொட்டும் வேலை. ஒரு நாள் காலையில் ஆலை வாசலில் லோரிகள் வரிசையாக நின்றிருந்தன. முன்னால் இருந்த லோரி நகர்ந்தும் இவருடைய லோரி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கதவைத் திறந்திருக்கிறார்கள். தலையைச் சாய்த்துத் தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்களாம்.

எங்களுக்கு ஒரே மகள். பினாங்கில் படித்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான்தான் பிடிவாதமாக அவளைப் பஸ் ஏற்றி அனுப்பினேன். அதன் பிறகு அசாம் ஜாவா என்ற சிற்றூரில் இருக்கும் எங்கள் வரிசை வீட்டில் நான் மட்டும். கோலா சிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் பதிவு செய்யும் கவுண்டரில் எனக்கு வேலை. வருகிறவர்களுக்கு நம்பர் கொடுக்க வேண்டும், அட்டையை எடுத்து வைக்க வேண்டும், "இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு நல்லதாகவே இருந்தது. காய்ச்சலோடு நிற்கிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்து நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை.

அவருக்கு ஒரு தங்கை உண்டு. ஈஜோக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். அங்கே தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறாள். நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பா இரண்டு பேரும் போன பிறகு அவளுக்கு எல்லாமே அண்ணன்தான். வீட்டுக் குழாய் உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவாள். மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றுவதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் மாற்றுவாள்.

காரியம் முடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். மோட்டார் சைக்கிளில் முன்கூடையில் அடுக்குச்சட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு வருவாள். மீன் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், அவருக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல். நான் சமைப்பதில்லை என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எனக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்காருவாள்.

எனக்குச் சோறு இறங்காது. காரணம் அவளுடைய முகம். அண்ணனுக்கும் தங்கைக்கும் அப்படி ஒரு ஜாடை. புருவம் நடுவில் சேர்ந்திருக்கும். பேச ஆரம்பிக்கும் முன் காது மடலைச் சொறிந்துகொள்வாள். சிரிப்பு வந்தால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு நொடி நிறுத்தி வைப்பாள். இதெல்லாம் அவரும் செய்வதுதான். அவர் உயிரோடு இருந்தவரை நான் இதைக் கவனித்ததே இல்லை. இப்போது அவள் என் எதிரில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க அண்ணி" என்று காதைச் சொறியும்போது எனக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போல இருக்கும். அதனால் தட்டைப் பார்த்தே சாப்பிடுவேன். அவள் போனதும் மீதிச் சோற்றைக் கொட்டுவேன்.

மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு சாக்குச் சொல்ல ஆரம்பித்தேன். தலைவலி என்பேன். மகள் வருகிறாள் என்பேன். அவள் ஒரு தடவையும் மறுத்துப் பேசியதில்லை. "சரி அண்ணி, அப்ப அடுத்த வாரம் வரேன்" என்று போனை வைத்துவிடுவாள். வைத்த பிறகு எனக்கு நிம்மதியாக இருக்கும். நிம்மதியாக இருக்கிறதே என்று கொஞ்ச நேரத்தில் வெட்கமாகவும் இருக்கும்.

கிளினிக்கில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண் வேலை செய்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில் அவள் கேட்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழம சாயந்தரம் ஃப்ரீயா?"

"ஏன்?"

"என்கூட படிச்ச பொண்ணு ஒருத்தி வயலின் வாசிக்கிறா. மூணு பேரு சேந்து சொந்தமா பாட்டு எழுதி பாடுறாங்க. இங்க ஆத்தோரத்துல பழைய மீன் கிடங்கு இருக்குல்ல, அங்க வாசிக்கிறாங்க. எனக்கு தொணைக்கு ஆள் இல்ல. வாங்களேன்."

"நான் வரக்கூடாது. இன்னும் வருஷம் திரும்பல."

"இது என்னா கல்யாணமா, கோயிலா? சும்மா பாயில உக்காந்து பாட்டு கேக்குறதுலா."

நான் அட்டைகளை அடுக்கினேன். துக்க வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு எதற்கெல்லாம் போகக்கூடாது என்று காரியத்தன்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். மீன் கிடங்கில் நடக்கும் கச்சேரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சாயந்தரம் கிளம்பும்போது, "எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

சனிக்கிழமை நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, சேனாங்கின் மீன் கெடச்சிச்சு. நாளைக்கு செஞ்சி எடுத்துக்கிட்டு வரட்டுமா?"

"நாளைக்கு எனக்கு கிளினிக்குல ஓட்டி வேல இருக்கு. மருந்து ஸ்டாக் எண்ணணுமாம்."

"ஞாயித்துக்கிழமயுமா?"

"ஆமா, திடீர்னு சொல்லிட்டாங்க. வர நேரமாகும்."

"சரி அண்ணி. ஒடம்ப பாத்துக்குங்க" என்றாள்.

கச்சேரிக்குப் போகிறேன் என்று உண்மையையே சொல்லியிருக்கலாம். அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், அண்ணன் செத்து வருஷம் திரும்புவதற்குள் அண்ணி பாட்டுக் கேட்கப் போகிறாள் என்று அவள் நினைப்பாள் என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. நான்கு மணிக்குத் தூறலாகக் குறைந்தது. நான் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டேன். பூ இல்லை, பொட்டு சின்னதாக. வீட்டைப் பூட்டும்போது அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டேன். திருடப் போகிறவள் மாதிரி.

கிடங்கு ஆற்றை ஒட்டி இருந்தது. பெரிய மின்விசிறிகள் சுற்றின. அவை திரும்பும்போதெல்லாம் பழைய மீன்பெட்டி வாடை லேசாக வந்தது. தரையில் பாய் விரித்திருந்தார்கள். கையில் பச்சை குத்திய பையன்கள், முக்காடு போட்ட கல்லூரிப் பெண்கள், நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்த வயதான சீனத் தம்பதி. தெரிந்த முகம் இருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். இல்லை என்றதும்தான் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். வயலின் பெண் நம் தமிழ்ப் பெண், சுங்கை பெசார்க்காரி. இன்னொருவர் சரவாக்கிலிருந்து வந்தவர். படகு மாதிரி நீளமாகக் குடைந்த மரத்தில் தந்தி கட்டிய சாப்பே வாத்தியத்தை மடியில் வைத்திருந்தார். மூன்றாவது ஒரு சீனப் பையன். அவனிடம் வாத்தியம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பிஸ்கட் டின், ஒரு சுருள் கம்பி, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த வயலின் கோயில் கச்சேரியில் வாசிப்பது. இந்தப் பெண் வேறு மாதிரி வாசித்தாள். முதல் பாட்டில் தந்திகளுக்கு நடுவில் தலைவாரும் சீப்பைச் சொருகி விரலால் தட்டினாள். மழைத் தண்ணீர் தகரத்தில் சொட்டுவது போல் கேட்டது. இன்னொரு பாட்டில் வில்லின் முடியை ஒரு பக்கம் அவிழ்த்து, வில்லின் கட்டையை வயலினுக்கு அடியில் விட்டு, முடியை மேலே சுற்றி மறுபடி மாட்டினாள். இப்போது இழுத்தால் நான்கு தந்தியும் ஒன்றாகப் பேசின. சுங்கை பெசாரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பஸ்ஸைப் பற்றி ஒரு தமிழ்ப் பாட்டு பாடினாள். தூங்கி விழுகிற பயணிகளைப் பற்றியும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்ட ஒருத்தியைப் பற்றியும் அந்தப் பாட்டில் வந்தது. சாப்பே அவள் பின்னாலேயே நடந்து வந்தது.

நான் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு நினைப்பு வந்தது. அவர் இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் என்மேல் கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குக் கோழிக்குழம்பு, தூக்கம், சத்தமாக டிவி. எங்காவது போகலாமா என்றால், "என்னாத்துக்கு?" என்பார். அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு முடியும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வார்த்தையைக் கேட்டுப் பழகிவிட்டேன். இன்றைக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. அப்படி நினைத்தபோது துக்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது. அது வந்ததும் பயந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக்கு முந்திய பாட்டுக்கு அந்தச் சீனப் பையன் கம்பிச் சுருளை அவிழ்த்து ஒரு முனையைத் தூணில் கட்டினான். மறுமுனை பிஸ்கட் டின்னின் அடியில் துளை போட்டு மாட்டியிருந்தது. டின்னைத் தூக்கிக் காட்டி, மலாயில், "இதைப் பிடிக்க ஒருவர் வேண்டும். ஒல்லியானவர்கள் வேண்டாம், கம்பி இழுத்துக்கொண்டு போய்விடும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"அக்கா, நீங்க போங்க!"

"சும்மா இரு."

"போங்கலா!"

அதற்குள் முன்னால் இருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கனமான ஆள்தான், மறைக்க முடியாது. எழுந்து போனேன்.

டின்னை வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கச் சொன்னான். பின்னால் சாய்ந்தால் கம்பி முறுகி ஒலி மேலே போகும். முன்னால் வந்தால் தளர்ந்து கீழே இறங்கும். "நான் தலையாட்டும்போது சாயுங்கள்" என்றான். பிறகு வயலின் வில்லை வாங்கிக் கம்பியில் வைத்து இழுத்தான்.

அந்த ஒலி காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்குள் வந்தது. அடிவயிற்றிலிருந்து நெஞ்சு வரை கிடுகிடுவென்று நடுங்கியது. நான் எதிர்பார்க்கவில்லை. திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்துவிட்டேன். அவன் தலையாட்டவே இல்லை. கம்பி, கழுத்தில் கயிறு இறுகிய ஆடு மாதிரி ஒரு சத்தம் போட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் பதறிப்போய் முன்னால் வந்தேன். ஆடு முனகிக்கொண்டே கீழே இறங்கியது. உடனே சாப்பே வாசித்தவர் அதே முனகலைத் தன் தந்தியில் வாசித்துக் காட்டினார். நான் மறுபடி சாய்ந்தேன், இந்த முறை வேண்டுமென்றே. அவர் மறுபடி பதில் கொடுத்தார். வயலின் பெண் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் அதட்டுகிற மாதிரி தந்தியை விரலால் சுண்டினாள்.

நான் சிரித்தேன். எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. சிரிக்கச் சிரிக்க வயிறு குலுங்கி டின்னும் குலுங்கியது. கம்பியும் சேர்ந்து விட்டு விட்டுக் கத்தியது. அதைக் கேட்டு இன்னும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை.

வீட்டுக்கு வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. காடியை வாசலில் நிறுத்தி இறங்கினேன். கேட்டுக் கம்பியில் அடுக்குச்சட்டி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் பையை அதன் மேல் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தாள், மழை இறங்காமல் இருக்க. கைப்பிடி வழியாக எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தார். "உன் நாத்தனார் வந்தாள். மழையில் நனைந்து வந்தாள். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய்க் கூப்பிட்டாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், வரவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனாள்" என்றார்.

நான் அடுக்குச்சட்டியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனேன். மீன் குழம்பு கெட்டுப்போகவில்லை. எறும்பைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டேன். அவள் எதிரில் இல்லாததால் சோறு இறங்கியது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

கழுவி வைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"வேல முடிஞ்சிச்சா அண்ணி?" என்றாள்.

"இப்பதான் வந்தேன். குழம்பு நல்லா இருந்துச்சு."

"சரி. படுங்க. அலுப்பா இருக்கும்."

இரண்டாவது பொய்யும் அப்படி எளிதாகப் போய்விட்டது.

அந்த வாரம் நடுவில் அந்தக் குழுவினர் கச்சேரியிலிருந்து ஒரு துண்டை இணையத்தில் போட்டிருந்தார்கள். என் பக்கத்து நாற்காலிப் பெண் குதித்துக்கொண்டு காட்டினாள். நான்தான். டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். பார்த்தவர்கள் நிறையப் பேர் அந்த ஆன்ட்டி யார் என்று கேட்டிருந்தார்கள். "அக்கா, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க" என்றாள். அதை எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். எடுத்தால் மட்டும் பார்த்தவர்கள் கண்ணிலிருந்து போய்விடுமா?

அந்தச் சனிக்கிழமை நாத்தனாரிடமிருந்து போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. நான் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. இத்தனை நாளாக அவள் வராமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தவள், அன்று வாசல் பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. காடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

அவள் லயத்து வரிசை வீட்டின் பின்பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், மறுநாள் பள்ளிக்கூடச் சமையலுக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க அண்ணி. தேத்தண்ணி போடவா?"

"வேணாம். உக்காரு."

உட்கார்ந்தாள். கத்தியை எடுத்தாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வீடியோவ பாத்தியா?"

"பாத்தேன். டீச்சரு ஒருத்தவங்க காட்டுனாங்க. ஒங்க அண்ணி மாதிரியே இருக்காங்கன்னாங்க. எங்க அண்ணியேதான்னு சொன்னேன்."

"அன்னிக்கி வேலன்னு ஒன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"அது தெரியும். ஞாயித்துக்கிழம கிளினிக்கு சாத்தியிருக்கும்னு எனக்கு தெரியாதா?"

எனக்குப் புரியவில்லை. "தெரிஞ்சும் ஏன் மழையில வந்த?"

"தெரிஞ்சதனாலதான் வந்தேன். ஒடம்புக்கு முடியாம படுத்து கெடக்குறீங்க, என்கிட்ட மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். அண்ணனும் அப்படித்தான் நெஞ்சு வலிய மறச்சிச்சு. கதவ தட்டுறேன், சத்தமே இல்ல. ஜன்னல் பக்கம் ஓடிப்போய் கூப்புட்டேன். கடைசில காடி இல்லன்னு பாத்தப்புறந்தான் உயிரு வந்துச்சு."

அவள் ஜன்னல் பக்கம் போய்க் கூப்பிட்டாள் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னது அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது. அவள் அங்கே நின்று அண்ணி அண்ணி என்று கூப்பிட்ட நேரத்தில் நான் டின்னைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்மேல கோவமா?" என்றேன்.

அவள் காது மடலைச் சொறிந்தாள். "நீங்க சிரிச்சதுக்கு இல்ல அண்ணி. ஒருத்தரு செத்துட்டா மத்தவங்க சிரிக்காமலே இருக்க முடியுமா? ஆனா அண்ணன் போனதுலேர்ந்து நீங்க என் முன்னாடி அழுவவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. நான் வந்தா தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எப்ப கெளம்புவான்னு இருக்கும் ஒங்களுக்கு. எனக்கு அது தெரியாம இல்ல. முன்ன பின்ன தெரியாத மூணு பேரு முன்னாடி அம்புட்டு சிரிப்பு சிரிக்கிறீங்க. நான் என்னா பண்ணிட்டேன் ஒங்களுக்கு?"

"நீ ஒண்ணும் பண்ணல."

"பின்ன?"

"ஒன் மொகம் அவரு மாதிரியே இருக்கு. ஒன்ன பாத்தா எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

கத்தி நின்றது. அவள் என்னையே பார்த்தாள். நானும் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

"அப்ப நான் எங்க அண்ணி போவேன்?" என்றாள். "காலைல மொகம் கழுவுறப்ப நானுந்தான் கண்ணாடில பாக்குறேன்."

இத்தனை மாதத்தில் எனக்கு அது ஒரு தடவையும் தோன்றவில்லை. அவளுக்கும் அண்ணன் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை. துக்கம் என்றால் அது என் வீட்டில் இருப்பது, அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கிளறிவிட்டுப் போகிறவள் என்றே நடந்துகொண்டிருக்கிறேன். அவள் சமைத்துக்கொண்டு வந்தது எனக்காக மட்டும் இல்லை. அண்ணன் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட அவளுக்கும் வேண்டியிருந்திருக்கிறது.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய் இன்னொரு கத்தி எடுத்து வந்து வெங்காயத்தில் பாதியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் உரித்து முடித்தோம். பிறகு அவள்தான் கேட்டாள்.

"ஆமா, அந்த டின்ன எதுக்கு கட்டிப்புடிச்சிக்கிட்டு நின்னீங்க?"

சொன்னேன். சாய்ந்தால் ஒலி மேலே போனதை, ஆடு மாதிரிக் கத்தியதை, வயிற்றுக்குள் நடுங்கியதை.

"அதுக்கா அம்புட்டு சிரிப்பு?" என்றாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சில் ஊசி குத்தியது போல் இருந்தது. ஆனாலும் முகத்தைத் திருப்பவில்லை.

அவர் இருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று தோன்றியதையும், அப்போது மூச்சு தாராளமாக வந்ததையும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என் மனசுப் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைப்பதா என்று அன்று விட்டுவிட்டேன். இன்று வரை சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு ஞாயிறு நான் அங்கே போனேன், ஒரு ஞாயிறு அவள் வந்தாள். சட்டென்று எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் அவள் கதவருகே செருப்பைக் கழற்றும்போதே என் கண் தரைக்குப் போய்விடும். அவளும் அதைப் பார்த்துவிடுவாள். அப்போது அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவதுபோல் கொஞ்ச நேரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அவள் அப்படி நிற்பது, எதிரில் வந்து உட்கார்ந்ததைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது. "இங்க வந்து உக்காரு" என்று கூப்பிடுவேன். தீபாவளிக்கு எங்களுக்குப் பலகாரம் இல்லை. மகளும் வந்திருந்தாள். மூன்று பேரும் சாதாரணமாகச் சாம்பார் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தோம். அன்றைக்குத்தான் நாத்தனார் முன்னால் முதல் தடவை அழுதேன்.

வருஷம் திரும்பிய பிறகு அந்த மூன்று பேரும் சுங்கை பெசாரில் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வயலின் பெண்ணின் சொந்த ஊர். இந்த முறை முதலிலேயே நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"நீயும் வா."

"எனக்கு அந்த மாதிரி பாட்டெல்லாம் ஏறாது அண்ணி. ஒரு வீட்டு விசேஷத்துக்கு வேற சமைச்சி கொடுக்கணும். நீங்க போய்ட்டு வாங்க."

"போவட்டுமா?"

"இத எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டது அவளுக்கு நன்றாக இருந்தது என்பது குரலில் தெரிந்தது.

போனேன். வயல் ஓரத்தில் ஒரு சின்ன மண்டபம். மாலை வெயில் கதவு வழியாக உள்ளே வரை வந்திருந்தது. பாட்டு நன்றாகவே இருந்தது. ஆனால் முதல் கச்சேரியில் கேட்டது போல் என்னால் கேட்க முடியவில்லை. சிரிப்பு வரும் இடத்தில் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து பார்ப்பது போல் இருந்தது. வருஷம் திரும்பிவிட்டது, பொய் சொல்லவில்லை, கேட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் அது போகவில்லை. போகாது என்றும் தெரிந்துவிட்டது.

பாதியில் போன் நடுங்கியது. அவள்தான். குனிந்து எடுத்தேன்.

"என்னா?" என்று கிசுகிசுத்தேன்.

"ஒண்ணும் இல்ல. ஆரம்பிச்சிட்டாங்களா?"

"ம்."

"கொஞ்சம் போன அந்தப் பக்கம் காட்டுங்க, கேக்குறேன்."

போனை மேடைப் பக்கம் நீட்டினேன். சாப்பேயும் வயலினும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன. பின்னால் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். கை வலித்ததும் போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் பெரிய பாத்திரம் ஒன்றைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"எப்படி இருக்கு?"

"நல்லாவே இல்ல அண்ணி" என்றாள். பிறகு, "இன்னும் கொஞ்ச நேரம் காட்டுங்க" என்றாள்.